ஓங்கில்கள் கைவிட்ட சொல்

ஓங்கில் ஏன் துள்ளுகிறது என்று ஜெசிந்தா மோத்தாவிடம் கேட்காதவர்களே இல்லை. தூத்துக்குடியில் அவள் வேலை பார்த்த கடல் ஆய்வு நிலையத்துக்கு வரும் பள்ளிப் பிள்ளைகள் கேட்டார்கள். அமைச்சர் ஒருவர் கேட்டார். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்தவர்கள், டால்பின் என்று பெயரைத் திருத்திக்கொண்டு, அதையே கேட்டார்கள். அவளும் சலிக்காமல் பதில் சொல்வாள். உடம்பில் ஒட்டிக்கொண்டு சவாரி செய்யும் சிறு மீன்களை உதறித் தள்ளத் துள்ளும். பறவைகள் எங்கே வட்டமிடுகின்றன, அடியில் மீன்கூட்டம் எங்கே போகிறது என்று எட்டிப் பார்க்கத் துள்ளும். தொலைவில் இருக்கும் கூட்டாளிகளுக்குத் தான் இருக்கும் இடத்தைச் சத்தம்போட்டுக் காட்டத் துள்ளும். வேகமாகப் போகும்போது தண்ணீரைக் கிழித்துக்கொண்டு நீந்துவதைவிடக் காற்றில் தாவிப் போவது லேசு என்பதற்காகவும் துள்ளும்.

"இது எதுவுமே இல்லாமலும் துள்ளும்," என்று முடிப்பாள். "சும்மா. நம்ம பிள்ளைங்க மழையப் பாத்ததும் குதிக்கிறதில்லையா, அது மாதிரி."

அந்தச் 'சும்மா'தான் அவளை விடாமல் பிடித்துக்கொண்டது. மற்ற துள்ளல்களுக்கெல்லாம் காரணம் இருக்கிறது. இதற்கு மட்டும் என்ன? கடலுக்கடியில் ஒலிவாங்கிகளைப் போட்டு, ஆண்டுக்கணக்கில் பதிவுகளைச் சேர்த்து, அவற்றைப் பிரித்துப் படிக்கும் கணினி நிரலை அவளே எழுதினாள். ஒவ்வொரு ஓங்கிலுக்கும் தனக்கென ஒரு சீழ்க்கை உண்டு. குட்டி பிறந்த சில மாதங்களில் தானே உண்டாக்கிக்கொள்ளும் பெயர் அது. மற்றவை அதைக் கூப்பிட வேண்டுமானால் அந்தச் சீழ்க்கையை அப்படியே திருப்பிப் போடும். இது உலகத்தில் பலருக்கும் தெரிந்த விஷயம். ஜெசிந்தா கண்டுபிடித்தது அதற்கு அடுத்த படி. சும்மா துள்ளும் ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால் ஏதோ ஓர் ஓங்கில் மற்றொன்றின் பெயரைச் சொல்லி, முடிவில் ஒரு சின்ன வால்போல ஒலியை மேலே இழுத்துவிடுகிறது. பெயர், பிறகு 'வா'. கேட்ட ஓங்கிலுக்குச் சம்மதமென்றால் அதே ஒலியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வரும். மனமில்லை என்றால் தாழ்ந்து இறங்கும் ஓர் ஒலி. அதற்கு அவள் 'வேண்டாம்' என்று பெயர் வைத்தாள். 'வேண்டாம்' கேட்டதும் கூப்பிட்ட ஓங்கில் வேறு ஆளைத் தேடிப் போய்விடும். கோபமில்லை, வற்புறுத்தல் இல்லை.

முதல்முதலாக அந்த 'வா'வைக் கணினியிலிருந்து கடலுக்குள் ஒலிக்கவிட்டது அவளுடைய அண்ணன் பெர்க்மான்ஸின் மீன்பிடி வள்ளத்திலிருந்துதான். முதுகுத் துடுப்பின் கீழே வலை அறுத்த தழும்பு ஊசித்தையல் மாதிரி ஓடும் பெண் ஓங்கில் ஒன்று அந்தப் பக்கம் மேய்ந்துகொண்டிருந்தது. ஜெசிந்தா அதைத் தையல் என்று அழைப்பாள். தையலின் பெயர்ச் சீழ்க்கையையும் 'வா'வையும் சேர்த்து ஒருமுறை ஒலித்தாள். தையல் திரும்பியது. வள்ளத்துக்கு அடியில் வந்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, இரண்டு பேரும் நனையும்படி எழும்பி விழுந்தது.

பெர்க்மான்ஸ் தலைப்பாகையை அவிழ்த்து வீசிச் சிரித்தான். ஜெசிந்தா உப்புத்தண்ணீரோடு அழுதாள். மனிதர்கள் தோன்றிய நாளிலிருந்து இன்னொரு உயிரை அதன் சொந்தப் பெயர் சொல்லி விளையாடக் கூப்பிட்டவர்கள் யாருமில்லை என்று அன்றைக்கு அவளுக்குத் தோன்றியது.

மதிவாணன் அவளோடு சென்னையில் படித்தவன். செய்தியைக் கேட்டு விமானம் ஏறி வந்தான். அவன் ஆரம்பித்த நிறுவனத்துக்குத் 'துள்ளல்' என்று பெயர். ஜெசிந்தாவின் நிரலையும் அவள் சேர்த்துவைத்திருந்த பெயர்ச் சீழ்க்கைகளையும் ஒரு பெட்டிக்குள் அடைத்தான். பெட்டியைப் படகில் வைத்து, ஒலிபெருக்கியைத் தண்ணீருக்குள் இறக்கிவிட்டால் போதும். சுற்றுவட்டத்தில் எந்தெந்த ஓங்கில் இருக்கிறது என்று அதுவே கேட்டுத் தெரிந்துகொண்டு பெயர் சொல்லி அழைக்கும். படகுக்காரர்கள் அதைப் பாட்டுப்பெட்டி என்றார்கள்.

அப்போது கடலில் மீன் இல்லை. பெரிய கப்பல்கள் அடியோடு வாரிப் போனதும் தண்ணீர் சூடேறியதும் சேர்ந்து கரையோரத்து ஆட்களை வெறும் வலையோடு திரும்ப வைத்திருந்தன. பெர்க்மான்ஸ் மாதிரி ஆட்கள் மலையாளக் கரைக்கோ வளைகுடா நாட்டுக்கோ கூலிக்குப் போவதா என்று யோசித்துக்கொண்டிருந்த வேளையில்தான் பாட்டுப்பெட்டி வந்தது. வள்ளங்களுக்கு நிழற்கூரையும் நாற்காலியும் போட்டார்கள். பெங்களூரிலிருந்தும் டில்லியிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். எந்த நேரத்தில் போனாலும் ஓங்கில் துள்ளும், துள்ளாவிட்டால் பணம் திரும்ப வரும் என்று விளம்பரம் சொன்னது. யாரும் திரும்ப வாங்க வேண்டியிருக்கவில்லை. தெருவில் அடைத்துக் கிடந்த வீடுகள் திறந்தன. பெர்க்மான்ஸின் மகள் செவிலியர் படிப்பில் சேர்ந்தாள்.

இரண்டாம் ஆண்டு ஆவணியில் ஒரு குட்டி கரை ஒதுங்கியது.

பெர்க்மான்ஸ்தான் போன் செய்தான். ஜெசிந்தா போனபோது ஆட்கள் வட்டம் கட்டி நின்றார்கள். குட்டியின் நெற்றியில் சட்டைப் பொத்தான் அளவுக்கு வெள்ளையாய் ஒரு புள்ளி இருந்தது. தையலின் குட்டி. அந்தப் புள்ளியை வைத்துத்தான் அவள் அதற்குப் பொத்தான் என்று பெயர் வைத்திருந்தாள். கால்நடை மருத்துவர் அறுத்துப் பார்த்துவிட்டு, காயமோ நோயோ இல்லை என்றார்.

"வயித்துல பாலே இல்ல மேடம். பட்டினி."

"தாய் உயிரோட இருக்கே?"

"இருந்து என்ன? பக்கத்துல இருந்திருக்காதுபோல."

அன்று மாலையே ஜெசிந்தா அண்ணனின் பெட்டியிலிருந்த ஒலிப்பதிவுகளை வாங்கிக் கேட்க உட்கார்ந்தாள். பெட்டி பேசுவதை மட்டும்தான் 'துள்ளல்' கவனித்துவந்தது. பதிலுக்குக் கடல் என்ன சொன்னது என்று யாரும் கேட்டதில்லை. அவளும் கேட்டதில்லை. புதுப்புதுப் பெயர்களைச் சேர்ப்பதிலேயே அவளுடைய நேரம் போயிருந்தது.

பெட்டி 'தையல், வா' என்றது. 'வேண்டாம்' என்று பதில் வந்தது. பெட்டி மறுபடி 'தையல், வா' என்றது. 'வேண்டாம்.' மறுபடி. 'வேண்டாம்.' பெட்டி நிறுத்தவில்லை. அதற்கு 'வேண்டாம்' தெரியாது. அதை யாரும் அதற்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. கடைசியில் தண்ணீர் பிளக்கும் ஓசையும், படகில் இருந்தவர்களின் கைத்தட்டலும். இன்னொரு நாள், இன்னொரு பெயர், அதே கதை. எல்லாப் பதிவுகளிலும் கைத்தட்டலுக்கு முன்னால் அந்தத் தாழ்ந்த ஒலி இருந்தது.

மறுநாள் அண்ணன் வீட்டுக்குப் போனாள். பெர்க்மான்ஸ் முற்றத்தில் என்ஜினைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தான். ஒலியைப் போட்டுக் காட்டினாள்.

"அது வேண்டாம்னுதான் சொல்லுதுன்னு ஒனக்கு எப்படித் தெரியும்?" என்றான்.

"பெட்டி வாரதுக்கு முன்னாடி எடுத்த பதிவெல்லாம் இருக்கு அண்ணே. இந்தச் சத்தம் வந்தா கூப்பிட்டது போயிரும். ஒருதடவகூட மறுபடி கூப்பிட்டதில்ல."

"அப்ப மாட்டேன்னு சொல்லிட்டு ஏன் வருது? வராம இருக்க வேண்டியதுதான?"

ஜெசிந்தா இரவெல்லாம் இதைத்தான் யோசித்திருந்தாள். "கடலுக்குள்ள யாரும் யாரையும் விடாமப் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டாங்க. ஒரே ஒரு நேரத்துல தவிர. சுறா வந்தா, குட்டி வலையில மாட்டுனா. அப்பத்தான் நிறுத்தாமக் கூப்பிடும். நம்ம பெட்டி நிறுத்தாமக் கூப்பிடுது. விளையாட்டுன்னு தெரியும், இருந்தாலும் வராம இருக்க அதுங்களால முடியல. வந்து பாக்குது, ஆள் இல்ல. துள்ளுனாத்தான் சத்தம் நிக்குதுன்னு கண்டுபிடிச்சு வச்சிருக்கு. துள்ளிக் காட்டிட்டுப் போகுது. அதுக்குள்ள அடுத்த படகு கூப்பிடுது."

பெர்க்மான்ஸ் கையிலிருந்த எண்ணெய்த் துணியை மடித்துவைத்தான். மறுபடி விரித்தான்.

"நான் என்ன செய்யணும்ங்கற?"

"பெட்டிய நிறுத்தணும்."

"நான் ஒருத்தன் நிறுத்துனா? மத்த படகெல்லாம்?" குரல் ஏறியது. "கடல்ல மீன் இருந்தா நான் ஏம்ட்டி இந்தப் பாட்டுப்பெட்டியத் தூக்கிட்டு அலையப் போறேன்? நீதான கொண்டாந்த? நீதான சொன்ன, அதுக்கும் சந்தோசம் நமக்கும் சந்தோசம்னு?"

அவள் சொல்லித்தான் இருந்தாள். மதினி ரொசிட்டா காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனாள். காப்பி ஆறிப்போனது.

மதிவாணன் அவள் நினைத்த மாதிரி மறுக்கவில்லை. சென்னை அலுவலகத்தில் கதவைச் சாத்திக்கொண்டு எல்லாப் பதிவுகளையும் கேட்டான். முகம் வாடியது நிஜம்.

"பெட்டிக்கு 'வேண்டாம்'ங்கிறதைச் சொல்லிக்கொடுத்துடு. ஒருதடவை கேட்டா அதோட நிறுத்திடணும். அவ்வளவுதான் நான் கேக்குறது," என்றாள் ஜெசிந்தா.

"சோதிச்சுப் பாத்தாச்சு. போன வருஷமே."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"உன் ஆய்வுக் கட்டுரையில வேண்டாம் பத்தி எழுதியிருந்தியே, அதைப் படிச்சு எங்க ஆளுங்க ஒரு படகுல போட்டுப் பாத்தாங்க. பத்து வாட்டி கூப்பிட்டா ஒருவாட்டி வருது. சில நாள் அதுவும் இல்ல. எந்தப் பயணி வருவான் சொல்லு? ஜெசி, அந்தக் கரையில எத்தனை குடும்பம் இதை நம்பி இருக்குன்னு என்னைவிட உனக்குத் தெரியும். நேரக் கட்டுப்பாடு வைப்போம். குட்டியோட இருக்கிற தாய்ங்க பேரை எடுத்துடுவோம். படிப்படியா செய்யலாம்."

நேரக் கட்டுப்பாடு வந்தது. யாரும் மதிக்கவில்லை. தாய்களின் பெயர்களை எடுத்ததும் துள்ளல்கள் குறைந்தன. அந்தப் பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பிவந்தன.

கிறிஸ்துமஸ் விடுமுறையில் கடற்கரை நிரம்பியிருந்தபோது ஜெசிந்தா அதைச் செய்தாள். எல்லாப் பெட்டிகளுக்குமான நிரலை இன்னும் அவள்தான் பராமரித்துவந்தாள். வீட்டில் உட்கார்ந்தபடி, 'வேண்டாம்' கேட்டால் நிறுத்து என்ற ஒரு கட்டளையைச் சேர்த்து அனுப்பினாள். அன்று காலை போன படகுகள் எல்லாம் வெறும் தண்ணீரைப் பார்த்துவிட்டுத் திரும்பின. கடல் முழுக்க 'வேண்டாம்' கேட்டது, பெட்டிகள் ஒவ்வொன்றாக வாயை மூடிக்கொண்டன. கரையில் பயணிகள் பணத்தைக் கேட்டுக் கத்தினார்கள். இரண்டு படகுக்காரர்களுக்கு அடி விழுந்தது. ஒருவனுக்கு மண்டை உடைந்து ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாயிற்று.

பெர்க்மான்ஸ் நேராக அவள் வீட்டுக்கு வந்தான். உட்காரவில்லை.

"நீதான?"

"ஆமா அண்ணே."

"சொல்லிட்டுச் செஞ்சிருக்கலாம்லா?"

"சொன்னா விட்டிருப்பியளா?"

"விட்டிருக்க மாட்டேன்." அவன் சொன்னதில் பொய் இல்லை. "ஆனா ஒனக்கு அந்த மீனுங்க சத்தம் கேட்டுச்சு பாத்தியா, அந்த மாதிரி எங்க சத்தமும் ஒருநாள் கேட்டிருக்கணும்." வாசலைத் தாண்டியவன் அதற்குப் பிறகு அவளோடு பேசவில்லை.

மாலைக்குள் 'துள்ளல்' அந்தக் கட்டளையை நீக்கிவிட்டது. ஜெசிந்தாவுக்கும் நிறுவனத்துக்கும் இருந்த தொடர்பு அத்தோடு முடிந்தது. ஆய்வு நிலையத்திலும் அவளை ஒலிப்பதிவு அறைப் பக்கம் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

ஆனால் அந்த ஒரு நாள் ஓங்கில்களை மாற்றிவிட்டது. 'வேண்டாம்' சொன்னால் பெட்டி அடங்கும் என்று அவை ஒருமுறை கண்டுவிட்டன. இப்போது இன்னும் உரக்கச் சொன்னன. விலகிப் போயின. படகுகள் மறுபடி வெறுமையாகத் திரும்பத் தொடங்கின. 'துள்ளல்' வேறொரு வழி கண்டுபிடித்ததாகவும் பெட்டிகள் திரும்ப வேலை செய்வதாகவும் ஜெசிந்தா கடைத்தெருவில் கேள்விப்பட்டாள். என்ன வழி என்று யாருக்கும் தெரியவில்லை.

மாசி மாதத்தில் ஒருநாள் பெர்க்மான்ஸிடமிருந்து போன் வந்தது. நலம் விசாரிக்கவில்லை.

"நாளைக்குக் காலைல என் படகுல வா. ஒண்ணு பாக்கணும். எனக்கு வெளங்கல."

"என்னண்ணே?"

"அந்தத் தழும்பு வச்சது. மூணு நாளா எம் படகையே சுத்திச் சுத்தி வருது. ஆளுங்க கை தட்டுதாவ, போட்டோ எடுக்காவ. எனக்கு என்னமோ செய்யுது."

அவள் தொப்பியை இறக்கிப் போட்டுக்கொண்டு பயணிகளோடு பயணியாக உட்கார்ந்தாள். கைப்பையில் அவளுடைய பழைய ஒலிவாங்கியும் காதுக்கருவியும் இருந்தன. கரைக்கு அப்பால் இருந்த தீவைத் தாண்டியதும் பெர்க்மான்ஸ் என்ஜினை நிறுத்தி, ஒலிபெருக்கியைத் தண்ணீருக்குள் இறக்கினான். கொஞ்ச நேரத்தில் தையல் வந்தது. முன்பு பார்த்ததைவிட மெலிந்து, கழுத்துக்குப் பின்னால் பள்ளம் விழுந்திருந்தது. படகைச் சுற்றியது. துள்ளியது. மறுபடி சுற்றியது. கூரைக்குக் கீழே ஆரவாரம்.

பிறகு அது ஒலிபெருக்கிக்குக் கீழே போனது. மூக்கை அதன் அடியில் கொடுத்து மேலே தள்ளியது. ஒலிபெருக்கி நீர்மட்டத்துக்கு வந்து, வழுக்கி, மறுபடி உள்ளே விழுந்தது. தையல் திரும்ப அடியில் போய்த் திரும்பத் தள்ளியது. ஒருமுறை, கவனமாக, மெதுவாக, அதை முகத்தின் மேலே ஏந்திக் காற்றில் பிடித்தபடி அசையாமல் நின்றது.

"பந்து விளையாடுது பாருங்க!" என்று ஒரு பெண் தன் கணவனிடம் கத்தினாள். "எவ்வளவு க்யூட்!"

ஜெசிந்தா ஒலிவாங்கியைத் தண்ணீரில் போட்டுக் காதில் மாட்டினாள். பெட்டி தையலின் பெயரைச் சொல்லிக் கூப்பிடவில்லை. 'வா' சொல்லவில்லை. குழறலாக, கடைசியில் லேசாக உடையும் சின்னச் சீழ்க்கை ஒன்றையே திரும்பத் திரும்ப ஒலித்துக்கொண்டிருந்தது. அவளுக்குத் தெரிந்த சீழ்க்கை. அவளே பதிவுசெய்து, பெயர் கொடுத்து, மதிவாணனின் பெட்டிக்குள் சேர்த்துவைத்தது.

எழுந்து அண்ணனிடம் போனாள்.

"அண்ணே, பெட்டிய நிறுத்து."

"என்னட்டி சொல்லுது அது?"

"பொத்தான்ங்குது. அது அந்தக் குட்டியோட பேரு. செத்துப்போச்சே, அந்தக் குட்டி. தன் பேரத் தானே சொல்லித் தாயைத் தேடுற மாதிரிக் கூப்பிடுது. தாய்ங்க குட்டி கூப்பிட்டா வேண்டாம்னு சொல்லாதுன்னு கண்டுபிடிச்சிருக்கானுவ."

பெர்க்மான்ஸ் தண்ணீரைப் பார்த்தான். தையல் ஒலிபெருக்கியை மறுபடி தூக்கியது.

"அது என்ன செய்யுது அப்ப?"

"குட்டிக்கு நீந்த முடியாமப் போனா தாய் அப்படித்தான் மேல தூக்கிப் பிடிக்கும். மூச்சு விடட்டும்னு."

அவன் பெட்டியின் விசையைத் தட்டவில்லை. கம்பியையே பிடுங்கினான். ஒலிபெருக்கியைக் கயிற்றோடு மேலே இழுத்தான். அது தண்ணீரை விட்டு விலகியபோது தையல் பாதி உடம்பை வெளியே எழுப்பி அதைத் தொடர்ந்து வந்தது. படகின் விளிம்பில் மோவாயை வைத்து ஒரு கணம் நின்றது. பயணிகள் எல்லாரும் அந்தப் பக்கம் நெருக்கிக்கொண்டு படம் எடுத்தார்கள்.

"போட்டோ எடுக்காதீங்க!" பெர்க்மான்ஸ் கத்தினான். அவனுடைய குரல் அப்படி உடைந்து ஜெசிந்தா கேட்டதில்லை. "ஒக்காருங்க எல்லாரும். அது விளையாடல. அது பிள்ளையத் தேடுது."

எல்லோரும் உட்கார்ந்தார்கள். 'க்யூட்' என்ற பெண் கைபேசியை மடியில் கவிழ்த்துவைத்தாள். பெர்க்மான்ஸ் படகைக் கரைக்குத் திருப்பினான். தையல் பாதித் தூரம் பின்னாலேயே வந்தது.

அந்தப் பெண் எடுத்த வீடியோ, பெர்க்மான்ஸ் கத்திய சத்தத்தோடு, அன்று மாலையே நாடெங்கும் போய்விட்டது. ஜெசிந்தா எல்லாச் செய்தியாளர்களிடமும் பேசினாள். தான் கண்டுபிடித்ததையும் தான் கொடுத்ததையும் சேர்த்தே சொன்னாள். கோடைக்குள் அரசு பாட்டுப்பெட்டியைத் தடைசெய்தது. 'துள்ளல்' கடையைக் கட்டியது. மதிவாணன் அவளுக்கு ஒரே ஒரு செய்தி அனுப்பினான்: 'அந்த வழி எனக்குத் தெரியாதுன்னு சொன்னா நம்புவியா?' அவள் பதில் போடவில்லை. தெரிந்திருக்குமா என்று இன்றுவரை அவளால் முடிவுசெய்ய முடியவில்லை.

கரையில் நாற்காலிகளும் நிழற்கூரைகளும் துருப்பிடித்தன. பாதிப் பேர் வெளியூர் போனார்கள். பெர்க்மான்ஸ் போகவில்லை. கிடைத்த மீனைப் பிடித்தான், நிலையத்தின் ஆய்வுப் பயணங்களுக்குப் படகு ஓட்டினான். மகள் படிப்பை முடிக்கக் கடன் வாங்கினான். அண்ணனும் தங்கையும் பேசத் தொடங்கியிருந்தார்கள். வேலை விஷயம் மட்டும், அளவாக.

தையல் அந்த ஆண்டு மழைக்காலத்துக்குப் பிறகு தென்படவில்லை.

ஜெசிந்தாவை ஒலிப்பதிவு அறைக்குத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். அவள் அங்கே கேட்டது அவளை உறங்கவிடவில்லை. பெட்டிகள் நின்று ஓராண்டாகியும் கடலுக்கடியில் 'வா' இல்லை. அபூர்வமாக ஏதாவது ஓர் ஓங்கில், பழைய ஞாபகத்திலோ என்னவோ, இன்னொன்றின் பெயரைச் சொல்லி ஒலியின் வாலை மேலே இழுக்கும். அடுத்த கணம் மொத்தக் கூட்டமும் மூச்சடக்கி ஆழத்துக்குப் போய்விடும். கூப்பிட்ட ஓங்கிலும் பயந்து கூடவே ஓடும். அந்த ஒலியைக் கேட்டால் ஓடு என்று தாய்கள் குட்டிகளுக்குப் பழக்கிவிட்டன. ஓங்கில்கள் துள்ளின, இல்லையென்றில்லை. மீனைப் பார்க்கத் துள்ளின, ஒட்டியதை உதறத் துள்ளின, வழி கடக்கத் துள்ளின. எல்லாத் துள்ளலுக்கும் காரணம் இருந்தது. சும்மா மட்டும் போய்விட்டது.

"அவங்க பாஷையில நல்ல சொல் ஒண்ணு இருந்துச்சு அண்ணே," என்றாள் ஒருநாள், படகைக் கழுவிக்கொண்டிருந்த பெர்க்மான்ஸிடம். "அத நாம எடுத்துக் கெட்ட வார்த்தையாக்கிட்டோம்."

அவன் வாளியைக் கவிழ்த்துவிட்டு அதன்மேல் உட்கார்ந்தான்.

இதற்கிடையில் படகுக்காரர்கள் சங்கம் அரசிடம் மனுக் கொடுத்திருந்தது. ஓங்கில்கள் தேறிவிட்டன, விளையாடத் தொடங்கிவிட்டன என்றால் கட்டுப்பாட்டோடு பெட்டியை மறுபடி அனுமதிக்கலாமே என்று. 'வேண்டாம்' கேட்டால் நிற்கும் பெட்டி, நாளுக்கு ஒரு சில படகு மட்டும். நேர்மையான மனுதான். பெர்க்மான்ஸும் அதில் கையெழுத்துப் போட்டிருந்தான். நேரில் பார்த்து முடிவுசெய்யச் சென்னையிலிருந்து தங்கவேலு என்ற அதிகாரி வந்தார். ஜெசிந்தா உடன் போக வேண்டும், படகு பெர்க்மான்ஸுடையது.

தை மாதத்துத் தெளிந்த காலை. தங்கவேலு நல்ல மனிதர், கடல் ஒத்துக்கொள்ளாதவர். இஞ்சி மிட்டாயை வாயில் அடக்கிக்கொண்டு, காதுக்கருவியை மாட்டி, கடலுக்கடியிலிருந்து வரும் சீழ்க்கைகளைக் கோடுகளாகக் காட்டும் திரையைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். விளையாட்டு என்றால் முதலில் 'வா' வரும், அது வந்தால் திரையில் இப்படி ஒரு கோடு மேலே வளையும் என்று ஜெசிந்தாதான் அவருக்கு விளக்கியிருந்தாள்.

அவருக்குப் பின்பக்கம், கூப்பிடு தூரத்தில், நாலைந்து இளம் ஓங்கில்கள் மேலே வந்தன. தடைக்குப் பின் பிறந்தவை, பெட்டியின் குரலையே கேட்டிராதவை. அவற்றில் ஒன்றின் துடுப்பில் பச்சையாய் ஒரு கடற்புல் கீற்றுத் தொங்கியது. அது இன்னொன்றின் முன்னால் போய், புல்லை நழுவவிட்டு, ஒதுங்கி நின்றது. எந்தச் சத்தமும் போடவில்லை. மற்றது புல்லைப் பார்த்தது. ஒதுங்கி நின்றதைப் பார்த்தது. பிறகு வாலால் புல்லை ஏந்திக்கொண்டது. இரண்டும் பக்கம் பக்கமாக ஓடி, ஒரே நேரத்தில் எழும்பி, வெயிலில் முழுதாகத் தெரிந்து, விழுந்தன. மூன்றாவதன் முன்னால் புல் விடப்பட்டது. அது தலையைத் திருப்பிக்கொண்டது. புல்லை விட்டது உடனே அதை எடுத்துக்கொண்டு வேறு பக்கம் போனது.

பெயரும் இல்லை, வாவும் இல்லை. களவாடிப் பெட்டியில் அடைக்க ஒன்றுமே இல்லாத ஓர் அழைப்பு.

"மேடம், திரையில ஒரு கோடுகூட அசையல," என்றார் தங்கவேலு குனிந்தபடியே. "உங்க கண்ணுக்கு ஏதாவது தெரியுதா?"

அவள் அண்ணனைப் பார்த்தாள். சுக்கானைப் பிடித்தபடி பெர்க்மான்ஸ் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான். எல்லாவற்றையும் பார்த்திருந்தான். அவள் 'ஆமாம்' என்றால் படகுகள் திரும்ப ஓடும். அவன் கடன் தீரும், தெருவில் விளக்கெரியும். புல்லைக் கொண்டு கூப்பிடும் பெட்டி ஒன்றை யாராவது செய்துவிடவும் அதிக நாள் ஆகாது.

பெர்க்மான்ஸ் சுக்கானை மெல்ல வளைத்தான். படகு திரும்பியது. ஓங்கில்கள் நேர் பின்னால் போயின.

"வெயில் கண்ணக் கூசுது சார்," என்றான். "எனக்கு ஒண்ணுந் தெரியல. நீ பாத்தியாட்டி?"

"இல்ல," என்றாள் ஜெசிந்தா. "ஒண்ணுமில்ல சார்."

தங்கவேலு காதுக்கருவியைக் கழற்றிவிட்டுப் பெருமூச்சு விட்டார். பின்னால் தண்ணீரில் ஏதோ விழுந்து தெறித்தது. அவர் பாதி திரும்பினார்.

"அது என்ன சத்தம்?"

"அலை சார்," என்றான் பெர்க்மான்ஸ். என்ஜினைக் கூட்டிக் கரையைப் பார்த்து ஓட்டினான்.